முன் சக்கரத்துப் பிரேக்

ஜனவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா, இருமல் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். டைலர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: இதை அப்பாவுக்கு வாசிக்கும்போது நடுவில் எதையும் விழுங்கிவிடாதீர்கள். போன கடிதத்தில் நான் எழுதிய பாதி விஷயம் அப்பாவுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் எங்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கிவிடும் வேனை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றப் போகிறவர்கள் சைக்கிளில்தான் போகவேண்டுமாம். ஓட்டத் தெரியாதவர்களைக் கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். மார்ச் 15-ம் தேதி மேட்ரன் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இதுவரை சைக்கிளின் பெடலில் கால் வைத்ததில்லை.

சலவைப் பிரிவில் ஜன்னல் கிடையாது, அப்பா. போர்வை மடிப்பதுதான் வேலை. எனக்குப் பதினாறு வீடு இருக்கிறது. அதில் ஒரு பழைய டீச்சர். முதுகில் புண். நான் போனால்தான் திரும்பிப் படுப்பார். வேறு யாராவது கை வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இந்த வேலையை நான் விடமாட்டேன்.

இருபத்தெட்டு வருஷம் ஐஸ் கட்டி ஏற்றிய சைக்கிள் உங்களுடையது. எனக்குப் பன்னிரண்டு வயதில் நான் கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு?" என்று சொல்லிச் சங்கிலி போட்டுப் பூட்டினீர்கள். அதைக் கிளறவில்லை. இப்போதாவது எப்படி ஓட்டுவது என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 14

அன்பு மகளுக்கு அப்பா சொல்ல டைலர் எழுதுவது.

உன் காகிதம் போன திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. முழங்கால் வீக்கம் இடது பக்கம் வற்றி வலது பக்கம் ஏறியிருக்கிறது. இருமல் இல்லை. நீ சாப்பாட்டில் குறை வைக்காதே.

டைலர் முழுசாகத்தான் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். எனக்கு ஒரு தரம் போதும் என்பது உனக்குத் தெரியும்.

நீ சைக்கிள் கேட்ட நாள் எனக்கு மறக்கவில்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. உன் அம்மா கூரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நீ பச்சைப் பாவாடை, ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. கேட்டுவிட்டு நீ அழவில்லை. உள்ளே போய் விளக்கைத் துடைத்தாய். அதெல்லாம் கண்ணில் இருக்கிறது.

ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் எலும்பு என்பது காய்ந்த குச்சி. மேட்ரனிடம் போய்க் கேள். நடந்தே பதினாறு வீடும் பார்த்துவிடுகிறேன் என்று சொல். இல்லையென்றால் இங்கே வந்துவிடு. இரண்டு பேருக்கு இந்த வீடு போதும். சைக்கிள் வேண்டாம்.

(பெரியவர் ஓட்டும் விதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நானும் கேட்டேன், "அதான் எழுதிட்டோமே" என்றார். இது நான் சொந்தமாக எழுதுவது. டைலர்.)

வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள்.

அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன், வலது முழங்கையில் சிராய்ப்பு நீங்கலாக. உங்கள் வலது காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நீங்களே ஊற்றிக்கொள்ளாமல் டைலர் அண்ணன் வீட்டில் சொல்லுங்கள்.

நடந்தே பார்க்கிறேன் என்று மேட்ரனிடம் கேட்டுப் பார்த்தேன். "பதினாறு வீட்டை நடந்து முடிச்சா நீங்களே பதினேழாவது கட்டிலாகிடுவீங்க" என்றார். ஆகவே பழக ஆரம்பித்துவிட்டேன். வாசல் காக்கும் வாச்மேன் அண்ணன்தான் கற்றுக்கொடுக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குச் சலவைக் கூடத்தின் பின்புறம். துணி உலர்த்தும் கம்பிகளுக்கு நடுவே ஓட்டுகிறேன். அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். முதல் நாள் நான் அவர் மேலேயே விழுந்தேன். "யம்மா, ஆஸ்பத்திரியிலயே விழுறீங்க, அது ஒரு சௌகரியம்" என்றார். என்னோடு ஒரே அறையில் இருக்கும் சமையல்கார அக்கா வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறாள்.

எட்டாவது நாள் அவர் பிடியை விட்டது எனக்குத் தெரியவில்லை. கம்பிக் கடைசி வரை தனியாகப் போய்விட்டேன், அப்பா. திரும்பிப் பார்த்தேன், விழுந்தேன். ஆனால் போனேன்.

இப்போது சமதரை பயமில்லை. இறக்கம்தான் பயம். ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து கீழே பெரிய ரோடு வரை செங்குத்தாக இறங்குகிறது, அடியில் பஸ் போகிற பாதை. டீச்சர் வீடு அந்தப் பக்கம். அந்த இறக்கத்தில் மேட்ரன் முன்னால் இறங்கிக் காட்டவேண்டும். வாச்மேன் அண்ணன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் ஐஸ் ஃபேக்டரி பாலத்து இறக்கத்தில் நாலு கட்டி பாரத்தோடு தினம் இறங்கினவர். ஒரு நாள்கூட விழுந்ததில்லை. நீங்கள் எந்தப் பிரேக்கைப் பிடித்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எனக்குத் தைரியம் வரும்.

காலுக்கு ஒத்தடம் மறக்க வேண்டாம்.

உங்கள் மகள்


பிப்ரவரி 4

மகளுக்கு,

அப்பா சொல்வது. கால் பரவாயில்லை, டைலர் சம்சாரம் வெந்நீர் போட்டுத் தருகிறாள். உன் முழங்கைக்கு எண்ணெய் தடவாதே, சிராய்ப்பு காயட்டும்.

உன் காகிதத்தை வாசிக்கும்போது கடையில் மூன்று பேர் இருந்தார்கள். கம்பிக் கடைசி வரை நீ தனியாகப் போனதைக் கேட்டு ஒருத்தர் தொடையில் தட்டினார். அப்புறம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சொல்லுங்க பெரியவரே, பாலத்துல எப்படி இறங்குவீங்க?" என்று டைலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சொல்கிறேன், கேட்டுக்கொள். பின் பிரேக்கைத் தொடாதே. பின் சக்கரத்தைப் பிடித்தால் வால் வழுக்கும், பாரம் சரியும். முன் சக்கரத்துப் பிரேக் ஒன்றுதான் கணக்கு. இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாலேயே பிடித்து, கீழே போகும்வரை விடாதே. எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு இறுக்கம். கண் முன் சக்கரத்தைவிட்டு அகலக்கூடாது. இப்படித்தான் இருபத்தெட்டு வருஷம் இறங்கினேன். மழையிலும் இறங்கினேன். ஒரு கட்டி விழுந்ததில்லை.

(எல்லோரும் கைதட்டினோம். டைலர்.)

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்புறமும் சொல்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடு.

நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் மிகவும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சொன்னபடியே பழகிவருகிறேன். எல்லாம் நல்லபடி நடக்கிறது. வேலை அதிகமாக இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை. பதில் வரத் தாமதமானால் கவலைப்படவேண்டாம். தேர்வு ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, ஏப்ரல் 16.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

மகளுக்கு அப்பா.

என் உடம்பை விடு. உன் உடம்பைச் சொல்.

நேற்று தபால்காரர் உன் காகிதத்தைக் கையில் கொடுத்தபோது டைலர் கடையில் இல்லை. நான் பிரித்துப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் எட்டு வருஷமாக உன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். உன் வரி இடது பக்கம் தாழ்ந்து வலது பக்கம் ஏறும், மேட்டில் ஏறுகிற மாதிரி. இதில் வரியெல்லாம் தரையில் படுத்துக் கிடக்கிறது. முடிவில் நீ வைக்கிற கடைசி எழுத்துக்கு மேலே புள்ளியை வட்டமாகச் சுழிப்பாய். இதில் யாரோ பேனாவால் குத்தியிருக்கிறார்கள். டைலர் வந்து, "எல்லாம் நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்கு பெரியவரே" என்றார். பழைய காகிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவரே பேனாவை எடுத்துத் திறந்தார்.

இது நீ எழுதியது இல்லை. ஏன் நீ எழுதவில்லை? உன் கைக்கு என்ன? வேலை அதிகம் என்று நீ ஒரு தரம்கூட எழுதினதில்லை. வேலை அதிகமாக இருந்தால்தான் உன் காகிதம் நீளும்.

எழுதியவர் யாராக இருந்தாலும், ஐயாவோ அம்மாவோ, உங்களைக் கேட்கிறேன். என் மகளுக்கு என்ன ஆயிற்று?

அப்பா


மார்ச் 22

பெரியவருக்கு வணக்கம்.

நீங்கள் நல்லபடி இருக்கவேண்டும். நான் உங்கள் மகளோடு ஒரே அறையில் இருக்கும் ஆஸ்பத்திரிச் சமையல்காரி. போன கடிதம் நான்தான் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பதில் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பதில் எழுதலாமா என்றால், "கட்டுப் பிரிக்கட்டும், என் கையாலயே எழுதுறேன்" என்கிறாள். என்னால் பொறுக்கமுடியவில்லை. இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பிப்ரவரி 15-ம் தேதி காலையில் ஆஸ்பத்திரி இறக்கத்தில் விழுந்துவிட்டாள். சைக்கிள் அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து, ஹேண்டில் பாருக்கு மேலே போய் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிவு, தாடையில் ஐந்து தையல். இன்னும் இரண்டு கை தள்ளி விழுந்திருந்தால் பஸ் பாதை. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. வலி குறைந்திருக்கிறது, சாப்பிடுகிறாள்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் சொன்னபடி செய்தும் விழுந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கம். வாச்மேன் அண்ணன் மேலே நின்று கத்தினாராம், "பின்னாடி பிரேக்கையும் பிடிங்க" என்று. இவள் பிடிக்கவில்லை. அப்புறம் அவரோடு சண்டை. "எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் இறங்கினவரு, நீங்க எத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டாள். அவர் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

என் பயம் இதுதான். அடுத்த வாரம் கட்டுப் பிரிப்பார்கள். ஏப்ரல் 16-ல் தேர்வு, மேட்ரன் இனிமேல் தேதி தரமாட்டார். இவள் சொல்கிறாள்: "அப்பா சொன்னது சரிதான் அக்கா. நான் பாதியில பயந்து விட்டுட்டு மறுபடி பிடிச்சிருப்பேன். இந்தத் தடவை மேலயிருந்தே இறுக்கிப் பிடிக்கிறேன்." முன்பிரேக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கப்போகிறாள். எனக்குச் சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வாச்மேன் அண்ணன் விளையாட்டுக்குக் கத்துகிற ஆள் இல்லை.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

மரியாதையுடன்,
சமையல்காரி


தந்தி
மார்ச் 28

இறக்கத்தில் இறங்காதே. சைக்கிளை விட்டுவிடு. அப்பா


ஏப்ரல் 4

அப்பாவுக்கு,

இது என் கை எழுத்துதான், பார்த்துக்கொள்ளுங்கள். வரி கோணலாகப் போகும், விரல் இன்னும் மடங்கவில்லை. மற்றபடி சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

நான் கட்டுப் பிரிக்கப் போயிருந்தபோது உங்கள் தந்தி வார்டு நடுவில் வந்தது. தந்தி என்றதும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து நர்ஸ் எனக்கு நாற்காலி போட்டார். பிரித்துப் பார்த்தால் அதே பழைய வார்த்தை. பன்னிரண்டு வயதில் வேண்டாம். ஐம்பத்து மூன்று வயதில் வேண்டாம். நடுவில் நான் நாற்பத்தொரு வருஷம் வாழ்ந்தது உங்கள் கணக்கிலேயே இல்லை.

அக்கா எழுதியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. விழுந்தேன், உண்மைதான். விழுந்தது என் தப்பு, நீங்கள் சொன்னதை ஒழுங்காகச் செய்யவில்லை. காரணம் சொல்லாமல் விட்டுவிடு என்று மட்டும் சொன்னால் நான் விடமாட்டேன். ஏன் என்று கேட்காமல் விட்டதெல்லாம் சின்ன வயதோடு போகட்டும்.

நான் வேலைக்குப் போகாமல் இருந்த நாற்பது நாளில் டீச்சருடைய புண் எலும்பு தெரியும் ஆழத்துக்குப் போய்விட்டது. புதிதாகப் போகிற பெண்ணைத் தொடவிடவில்லையாம். ஏப்ரல் 16 காலை எட்டு மணிக்கு அந்த இறக்கத்தில் இறங்குவேன். முன் பிரேக்கை மேலேயிருந்தே இறுக்கிப் பிடித்து இறங்குவேன், நீங்கள் இறங்கின மாதிரி. அதுவரை அந்தப் பக்கமே போகமாட்டேன். ஒரே தடவைதான்.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


ஏப்ரல் 10

என் மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். உன் காகிதம் இப்போது, பகல் இரண்டு மணிக்கு வந்தது. இன்றைக்குத் தேதி பத்து. இரண்டு நாளாகக் காற்றில் தந்திக் கம்பி அறுந்து கிடக்கிறது, எப்போது சரியாகும் என்று கேட்டால் தபால் ஆபீஸில் கையை விரிக்கிறார்கள். அவசரத் தபாலில் இதைப் போடுகிறோம். ஐந்து நாளில் வரும் என்கிறார்கள். பதினைந்தாம் தேதிக்குள் இது உன் கைக்கு வந்தாகவேண்டும். வாசிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்.

முதலில் இதைக் கேள். முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்காதே. நான் சொன்னது தப்பு. வாச்மேன் சொன்னதுதான் சரி. அவர் காலில் விழுந்தாவது மறுபடி கேட்டுக்கொள்.

ஏன் தப்பு என்று சொன்னால்தான் நீ நம்புவாய். சொல்கிறேன்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

(இங்கே பெரியவர் நிறுத்திவிட்டார். நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கடையில் இருந்த இரண்டு பேரையும் வெளியே அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். டைலர்.)

ஒரு நாள்கூட ஓட்டினதில்லை. ஐஸ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி, "சைக்கிள் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்றால் வேலை இல்லை. அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே மூன்று இடத்தில் வேலை போயிருந்தது. பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் வாரம் ஆற்றங்கரையில் ஏறிப் பார்த்தேன், விழுந்தேன், ஃபேக்டரி ஆள் ஒருத்தன் பார்த்துவிட்டான். வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அதோடு சரி. நாலு கட்டி ஏற்றினால் யாராலும் ஓட்டமுடியாது, எல்லோரும் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அது எனக்கு வசதியாகிவிட்டது. திரும்பி வரும்போது காலி வண்டி. மற்றவர்கள் ஏறிப் பறந்துவிடுவார்கள். நான் மட்டும் தள்ளிக்கொண்டு வருவேன். யாராவது கேட்டால் டயர் பலவீனம், செயின் தளர்ச்சி, இடுப்பு வலி. இருபத்தெட்டு வருஷத்துக்கும் எனக்கு ஒவ்வொரு சாக்காக நினைவிருக்கிறது. நம் சந்து குறுகல், எல்லோரும் இறங்கித் தள்ளித்தான் வரவேண்டும். அதனால் நீயும் உன் அம்மாவும் கண்டதில்லை. நான் ரோட்டில் ஓட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நான் நினைக்க விட்டேன்.

பாலத்தில் நான் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து இறங்கினேன். ஒரு கை ஐஸ் கட்டியை மூடிய கோணிச் சாக்கின் மேல், ஒரு கை ஹேண்டில் பாரில். என் கைக்கு எட்டியது முன் பிரேக் மட்டும்தான். மேலே ஆள் இல்லாத வண்டிக்கு அது போதும். ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை, தெரிந்த மாதிரி சொன்னேன். அதில் உன் கை முறிந்தது.

தந்தியிலும் காரணம் சொல்லவில்லை. தபால் ஆபீஸில் அதை எழுதிக்கொள்கிற ஆளிடம் உரக்கச் சொல்லவேண்டும். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள்.

நீ கேட்ட செவ்வாய்க்கிழமையும் இதேதான். கற்றுக்கொடு என்றாய். நான் ஏறிக் காட்டவேண்டும். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் அப்புறம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இறங்குவதும் இறங்காததும் உன் இஷ்டம். முன் பிரேக்கைத் தனியாக மட்டும் பிடிக்காதே.

(பெரியவர் இன்னும் என் கடையில்தான் இருக்கிறார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஒரு தரம் என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன், காற்று குறைவு என்றார். பம்ப் கொண்டுவந்து நானே காற்றடித்தேன். அப்புறம் வயிற்று வலி என்றார். இது உனக்குத் தெரியவேண்டியதில்லை, எழுதத் தோன்றியது. இதை இப்போதே சைக்கிளில் போய்த் தபாலில் சேர்க்கிறேன். டைலர்.)


ஏப்ரல் 18

அப்பாவுக்கு,

கை வலி குறைவு. தாடைத் தையல் ஆறிவிட்டது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று டைலர் அண்ணன் எனக்குத் தனியாக எழுதட்டும். நீங்கள் சொன்னால் இனிமேல் நம்பமாட்டேன்.

கடிதம் பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தது. நீங்கள் உட்காரச் சொன்னீர்கள், நான் உட்காரவில்லை. வாசித்துவிட்டு நேராக வாசலுக்குப் போனேன். வாச்மேன் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னதுதான் சரி" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கதவை மறுபடி திறந்தார். சைக்கிளை எடுத்து வந்தார். "ரெண்டையும் பிடி. பின்னாடி இருக்கிறத முதல்ல பிடி, முன்னாடி இருக்கிறத மெதுவா பிடி. கண்ணு ரோட்டுல இருக்கட்டும், சக்கரத்துல என்ன இருக்கு?" இருட்டும்வரை ஆறு தடவை பாதி இறக்கம் வரை இறங்கினோம். அவர் கூடவே ஓடி வந்தார், அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

பதினாறாம் தேதி மேட்ரன் கீழே ரோட்டோரம் நின்றார். நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். முழு இறக்கத்தையும் அதற்கு முன்னால் நான் இறங்கி முடித்ததே இல்லை. நடுவில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. அந்தச் சமயத்தில் விரல் பழைய பழக்கத்தில் முன் பிரேக்கைத்தான் தேடியது. கதவைச் சாத்திய கடையில் நீங்கள் சொன்ன, தனியாக மட்டும் பிடிக்காதே என்ற வார்த்தை காதில் கேட்டது. பின் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. கால் ஊன்றினேன், தள்ளுவண்டி போனது, மறுபடி இறங்கினேன். மேட்ரன், "சரி, போங்க, பதினாறு வீடு காத்திருக்கு" என்றார். அவ்வளவுதான். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. டீச்சர் வீட்டுக்குப் போனேன். கட்டு மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வேலை நிலைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டேன். இப்போது மற்றது.

கை முறிந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அது ஆறிவிடும். நாற்பத்தொரு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. எங்கப்பாவுக்குத் தெரிந்ததை எனக்குத் தர மனசில்லை, பெண் என்பதால் நான் அதற்குத் தகாதவள் என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம் எதைக் கேட்பதற்கும் முன்னால், வேண்டாம் என்று நானே சொல்லிக்கொண்டேன். தெரியாது என்ற ஒரு வார்த்தையை நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால், இரண்டு பேருமாக ஆற்றங்கரையில் விழுந்து எழுந்திருப்போம்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் எனக்கு வேண்டாம் என்று சொன்னது சைக்கிள் மட்டும் இல்லை. உங்களுக்கு எதுவும் மறப்பதில்லை. எதெல்லாம் நிஜமாகவே வேண்டாம், எதெல்லாம் தெரியாததால் வேண்டாம், ஒன்று விடாமல் சொல்லி அனுப்புங்கள். அதுவரை நான் எழுதமாட்டேன்.

மகள்


ஏப்ரல் 27

மகளுக்கு,

நீ இறங்கிவிட்டாய் என்று டைலர் வாசித்ததும் நான் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு மற்றதை வாசிக்கச் சொன்னேன். சாப்பிடுகிறேன். டைலர் தனியாகவும் எழுதுவார், நான் தடுக்கவில்லை. உன் மணிக்கட்டைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்காதே.

நாலு நாள் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் நினைவிருக்கிறது. சொல்லத்தான் நாலு நாள்.

உனக்கு ஒன்பது வயதில் ஆற்றில் நீந்தப் போகக்கூடாது என்று சொன்னேனே, அது உன் அம்மாவுடைய வேண்டாம். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். அதை என் தலையில் போடாதே.

வாசகசாலையில் சேரவேண்டும் என்று கேட்டாய், பதின்மூன்று வயது. நேரமில்லை என்று சொன்னேன். அங்கே அப்பா கையெழுத்துப் போடவேண்டும் என்றாய் அல்லவா, அதனால்தான்.

அடுத்தது உன் பள்ளிக்கூடம். எட்டாவது முடித்து, பெண்கள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றாய். தூரம், வீட்டில் வேலை, எட்டாவது போதும் என்று சொன்னேன்.

(இந்த இடத்தில், "இதை எழுதத்தான் வேணுமா பெரியவரே?" என்று கேட்டேன். "கேட்டிருக்கா, எழுது" என்றார். டைலர்.)

நான் போனேன். உனக்குத் தெரியாது. ஜூன் மாதம், திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. ஐஸ் வண்டியோடு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனேன். உள்ளே ஒரு மேஜை. வரிசையில் போகிற ஒவ்வொரு அப்பனிடமும் ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து, அங்கேயே நிரப்பச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போன ஆள் எழுதத் தெரியாது என்று சொன்னான். மேஜையில் இருந்தவர் பின்னால் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, சின்னதுதான். பிறகு அவரே வாங்கி நிரப்பிக்கொடுத்தார். எனக்கும் நிரப்பியிருப்பார். நான் வாசலில் நின்றேன். பதினொன்றேகால் வரை நின்றேன். சாக்கிலிருந்து தண்ணீர் ஓடி ரோட்டைக் கடந்து எதிர்ச் சாக்கடை வரை போய்விட்டது. நாலு கட்டியும் பாதியாகிவிட்டது. திரும்பி வந்து, உன்னிடம் எட்டாவது போதும் என்று சொன்னேன். உன்னோடு படித்த, தையல் மிஷின் பழுது பார்க்கிறவர் மகள் அதே மேஜையில் சேர்ந்து இப்போது நர்ஸாக இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். நீ நர்ஸுக்குக் கீழே கட்டுத்துணி தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள். அந்தச் சின்னச் சிரிப்புக்குப் பயந்துதான்.

இதற்கு மன்னிப்புக் கேட்டால், பரவாயில்லை அப்பா என்று நீ எழுதவேண்டியிருக்கும். அந்த வேலையை உனக்கு வைக்கமாட்டேன்.

இன்னும் சின்னச் சின்னதாக ஏழு இருக்கிறது. வேண்டுமானால் அடுத்த காகிதத்தில் கேள், சொல்கிறேன். ஒளிக்கமாட்டேன்.

நிஜமான வேண்டாம் ஒன்றே ஒன்றுதான். உன் வீட்டுக்காரர் இறந்து நாலாவது மாதம், அவ்வளவு தூரத்தில் ஆஸ்பத்திரி வேலை இருக்கிறது, போகிறேன் என்று வந்து நின்றாய். வெயில், புதன்கிழமை, நீ கையில் சின்னப் பெட்டி வைத்திருந்தாய். ஊர் மோசம், தனி ஆள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் சொன்னேன். அதெல்லாம் வாய்க்கு வந்தது. எனக்கு நீ இங்கேயே இருக்கவேண்டும், அதற்காகத்தான் வேண்டாம் என்றேன். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, மறைக்கவும் ஒன்றும் இல்லை. அதை மட்டும் நீ கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

அன்றைக்கு நீ கேட்காமல் போனது நல்லது.

உனக்குத் தோன்றும்போது எழுது. தோன்றாவிட்டாலும் சாப்பாட்டை மட்டும் விடாதே.

அப்பா